எம்16 ரைபிள்: வியட்நாம் போரில் எழுந்த கோளாறுகள்

எம்16 என்பது அமெரிக்கப் படைகள் 1960களில் பயன்படுத்தத் தொடங்கிய, 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடும் ரைபிள் ஆகும். ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 இதன் மூல வடிவம். 1959இல் அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது. எடை குறைவு என்பதால், முன்பிருந்த எம்14 ரைபிளைவிட அதிகத் தோட்டாக்களை ஒரு வீரரால் சுமக்க முடிந்தது. ஆயினும் 1966, 1967 ஆண்டுகளில், சண்டை நடுவே சுடாமல் நின்றுவிடும் துப்பாக்கி என்று இது பெயரெடுத்தது. வடிவமைப்பை மட்டும் பார்த்தால் இதற்குக் காரணம் புரியாது. தோட்டாவில் நிரப்பிய மருந்து, தோட்டா அறையின் உட்பரப்பு, வீரருக்குத் தரப்படாத துடைப்புக் கருவிகள் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மருந்து மாற்றம்

தோட்டா வெடித்ததும் குழலில் உண்டாகும் வாயுவின் ஒரு பகுதி, மெல்லிய குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து போல்ட்டைத் தாங்கும் பகுதியைத் தள்ளுகிறது. போல்ட் பின்வாங்கும்போது அதிலுள்ள கொக்கி காலித் தோட்டாக்கூட்டைப் பற்றி இழுத்து வெளியே எறிகிறது. பின் சுருள்வில் போல்ட்டை முன்னே தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. வாயு நேரே இயங்கு பகுதிக்குள் வருவதால் கரியும் அங்கேயே படியும். எனவே எந்த மருந்து எரிகிறது என்பது இந்த ரைபிளில் மிக முக்கியமானது.

ஸ்டோனரின் வடிவம், டூபான்ட் நிறுவனம் தயாரித்த ஐஎம்ஆர் வகை மருந்தைக் கொண்டே உருவாக்கப்பட்டிருந்தது. தரைப்படை கேட்ட வேகத்தையும் அழுத்த வரம்பையும் ஒருசேரக் காத்து அதைப் பெருமளவில் தயாரிப்பது கடினமாக இருந்தது. 1964இல் உருண்டை வடிவ மருந்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. அந்த மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக்குழாயில் படிந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 800 தோட்டாக்கள் என்றிருந்த சுடும் வேகம் 1,000ஐ நெருங்கியது.

வேகம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். வெடித்த கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரோடு இறுகப் பொருந்துகிறது. அழுத்தம் தணிந்த பிறகே அது சற்றுச் சுருங்கி விடுபடும். போல்ட் முந்திக்கொண்டு இழுத்தால், கூடு வராமல் கொக்கி அதன் விளிம்பைப் பிய்த்துவிடும், அல்லது நழுவிவிடும்.

தோட்டா அறைக்குக் குரோமியம் பூசாததும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளின் ஈரத்தைக் கண்ட தரைப்படை, எம்14க்கு அப்பூச்சைக் கொடுத்திருந்தது. புதிய ரைபிளுக்குக் கொடுக்கவில்லை. வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் அறை துருப்பிடித்துச் சொரசொரப்பாக, கூடுகள் இன்னும் இறுக ஒட்டின.

புதிய மருந்தால் பல ரைபிள்கள் வேக வரம்பைத் தாண்டியதால், தொழிற்சாலைச் சோதனைகளைப் பழைய மருந்திலேயே நடத்தக் கோல்ட் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. அவ்வாறு தேறிய ரைபிள்கள், புதிய மருந்துத் தோட்டாக்களோடு போர்க்களத்துக்குச் சென்றன. இந்த வரலாற்றில் மன்னிக்கக் கடினமான பகுதி இதுவே.

யா டிராங் முதல் குன்று 881 வரை

1965 நவம்பரில் யா டிராங் பள்ளத்தாக்கில் போரிட்ட படைப்பிரிவு இந்த ரைபிளில் பழகியிருந்தது. அதன் தளபதிகளுள் ஒருவரான ஹால் மூர் இதைப் பாராட்டினார். அதன்பின் பெருமளவில் ரைபிள்கள் வந்தன. துடைப்புக் கம்பிகளும் தூரிகைகளும் அந்த அளவுக்கு வரவில்லை. இதைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சும் வீரர்களிடையே பரவியிருந்தது.

1967 ஏப்ரல், மே மாதங்களில் கேசான் அருகே குன்று 881 பகுதியில் போரிட்ட மரைன் வீரர்களுக்கு எம்16 கைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இறந்த வீரர்கள் பலர், நின்றுபோன ரைபிளைச் சரிசெய்ய முயன்ற நிலையில் கிடந்ததாக ஒரு மரைன் வீரர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அது மே மாதத்தில் நாளிதழில் வெளியாகி நாடாளுமன்றம் வரை எட்டியது.

சிக்கிய துப்பாக்கியைக் கையாளுதல்

கூடு சிக்கினால் குழலின் முனை வழியே கம்பியைச் செலுத்திக் குத்தித் தள்ளுவதே வழியாக இருந்தது. அதற்காகவே சிலர் கம்பியை ரைபிளோடு சேர்த்து ஒட்டி வைத்திருந்தனர். அறைக்குள் இருப்பது காலிக்கூடாக இல்லாமல் வெடிக்காத தோட்டாவாக இருந்தால், குத்துபவரின் கை குழல் முனைக்கு நேராக இருக்கும். சுடாமல் நின்ற துப்பாக்கியைக் காலியான துப்பாக்கி என்று நினைப்பது மிக ஆபத்தான பிழை. அதனால்தான் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளில் முதலாவது, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும் என்கிறது. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பக் கூடாது, இலக்கு பார்வைக் குறியில் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், இலக்கையும் அதன் பின்னுள்ளதையும் உறுதிசெய்ய வேண்டும் என்பவை மற்றவை.

விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி, பல பயிற்சிக் களங்களில் 30 நொடிகள் காத்திருக்கிறார்கள். சத்தம் மட்டும் மந்தமாகக் கேட்டால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

துடைக்கும் முன் காலியாக்குவதில் வரிசை முக்கியம்: முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகே போல்ட்டை இழுத்து அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், அறையிலிருந்த தோட்டா வெளியேறும், போல்ட் முன்னே செல்கையில் மேகசினிலுள்ள மற்றொன்று உள்ளே ஏறிவிடும். கையில் இருப்பது காலித் துப்பாக்கி என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். எம்16இல் இன்னொரு நுட்பமும் உண்டு. உள்ளிருக்கும் சுத்தியல் பின்னிழுக்கப்படாத நிலையில் பாதுகாப்புப் பூட்டு போடவே இயலாது.

விசாரணையும் திருத்தங்களும்

1967 மே மாதம் பிரதிநிதிகள் அவை ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் ஒரு துணைக்குழுவை அமைத்தது. அக்டோபரில் வெளியான அறிக்கை, மருந்து மாற்றத்தை முக்கியக் காரணமாகச் சுட்டி, தோட்டாக் குறைகளைக் களையாத அதிகாரிகளின் அலட்சியம் குற்றத்தை ஒட்டியது என்று கடிந்தது. சுடும் வேகத்தைக் குறைக்கப் பின்தாங்கி மாற்றப்பட்டது. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது, பின்னர் குழல் முழுவதற்கும். மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவு குறைக்கப்பட்டது.

1968இல் தரைப்படை, சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் வரைந்த 32 பக்கப் பராமரிப்புக் கையேட்டை வீரர்களுக்கு வழங்கியது. பின்னாளில் வந்த ரைபிள்களில் துடைப்புக் கருவிகளை வைக்கப் பின்கட்டைக்குள்ளேயே ஓர் அறை அமைக்கப்பட்டது.