நாற்பத்தாறாம் நாள் வந்த கடிதம்

ஊரிலிருந்து தலைநகருக்குப் படிக்க வரும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் உறவினர் வீட்டு இலையில் அமர்வது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். என் தங்கை மகனும் அவ்வாறே வருகிறான். பல்கலைக்கழகத்தை அடுத்த கமலா நகரில், நால்வர் தங்கும் ஓர் அறையில் அவனுக்கு ஒரு கட்டில். மெட்ரோவில் ஹவுஸ் காஸ் வந்து, வண்டி மாறி, ராமகிருஷ்ணபுரத்தில் இறங்குவான். மோர்க்குழம்பை இரண்டாம் முறை ஊற்றும்பொழுதுதான் பேச்சுத் தொடங்கும். வாடகை ஏறிவிட்டது, ரொட்டியும் ராஜ்மாவும் சலித்துவிட்டன, உடன் படிப்பவர்கள் பேசும் வேகத்தில் இந்தி பாதிதான் விளங்குகிறது, ஆசிரியர் சொல்வதை எழுதி முடிப்பதற்குள் அவர் அடுத்த நூற்றாண்டுக்குப் போய்விடுகிறார். கல்லூரி மாணவன் ஒருவனுக்கு இருக்கக்கூடிய கவலைகள் இவைதாம், இவற்றுக்கு ஒரு வத்தக்குழம்பும் ஒரு மணி நேர உறக்கமுமே மருந்து என்று நான் எண்ணியிருந்தேன்.

அவன் எடுத்துக்கொண்ட பாடம் வரலாறு. முதலாண்டிலேயே பண்டைய உலகம் பற்றிய பகுதி உண்டு. ரோமானியச் சமுதாயம் அதில் அடங்கும். பையனுக்கு அதில் அளவுகடந்த பற்று விழுந்துவிட்டது. கடலூர்க் கடைவீதியில் மளிகை வைத்திருக்கும் என் மைத்துனருக்கோ இது சற்றும் உவப்பாயில்லை. “ரோமாபுரி ராஜாக்களின் கதையைப் படித்துவிட்டு இவன் யாரிடம் போய் வேலை கேட்பான், மச்சான்? வணிகவியலுக்கு மாறச் சொல்லுங்கள், இல்லையேல் கடைக்கு வரட்டும்” என்று தொலைபேசியில் அடிக்கடி என்னிடம் முறையிடுவார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் அப்பொழுது மைத்துனர் கட்சிதான்.

சென்ற குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் பையன் சரியாக உண்ணவில்லை. துருவிக் கேட்ட பிறகு சொன்னான். தில்லிப் பல்கலைக்கழக விதிப்படி, நடந்த வகுப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாணவன் வந்திருத்தல் வேண்டும். இவனுக்கு அது வெகுவாகக் குறைந்திருந்தது. ஜனவரிப் பனியில் முதலில் ஒரு காய்ச்சல். அதன்பின் காலை எட்டரை மணி வகுப்புக்கு எழ முடியாத சோம்பல். அதன்பின், இத்தனை நாள் வராதவன் இன்று எப்படிப் போய் முன் நிற்பது என்ற கூச்சம். அந்த நேரங்களிலெல்லாம் எங்கே போனாய் என்றேன். நூலகத்தில் இருந்தானாம். ரோமானிய வரலாறு படித்தானாம்! வரலாற்று வகுப்பைத் தவறவிட்டு வரலாறு படித்த பிள்ளையை வைவதா, மெச்சுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

“அப்பாவிடம் எப்படிச் சொல்வது, மாமா?” என்று கேட்டவன், பையிலிருந்து ஒரு சிறு சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தான். லத்தீன் மூலம் இடப்பக்கம், ஆங்கில மொழிபெயர்ப்பு வலப்பக்கம் என அமைந்த வரிசை அது. லத்தீனுக்குச் சிவப்பட்டை, கிரேக்கத்துக்குப் பச்சையட்டை. அதில் இருந்தவை சிசரோவின் கடிதங்கள். சிசரோ நாவன்மை மிக்க அரசியல்வாதி என்ற அளவில் நம்மில் பலர் அறிவோம். அவருக்கு மார்க்கஸ் என்று ஒரே மகன் இருந்தான் என்பதும், அவன் வெளியூரில் படித்த காலத்தில் தந்தை பட்ட பாடும் அன்றுவரை எனக்குத் தெரியா.

மார்க்கஸ் கி.மு. 65-இல் பிறந்தவன். இருபது வயதில் அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. ஏற்கெனவே பாம்பேயின் படையில் குதிரைப்படைப் பிரிவொன்றை நடத்தியவன். ஸ்பெயினுக்குப் போய்ச் சீசரின் படையில் சேர விரும்பினான். தந்தையோ கி.மு. 45-இல் அவனை ஏதென்ஸ் நகரத்துக்குத் தத்துவம் படிக்க அனுப்பிவைத்தார். செலவுக்கு ரோமில் தமக்கிருந்த சில வீடுகளின் வாடகையை ஒதுக்கினார். பணத்தைக் கையில் கொடுத்தனுப்புவதா, அங்கே மாற்றிக்கொள்ளும் வகையில் உண்டியலாக ஏற்பாடு செய்வதா என்று நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிக் கேட்கிறார். பிற பெருங்குடிப் பிள்ளைகளும் அங்கே இதற்கு மேல் செலவழிக்க மாட்டார்கள் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கிறார். ஏதென்ஸில் அவனுக்குச் சவாரி விலங்கு எதற்கு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இரு சக்கர வண்டி பற்றி நடக்கும் வழக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழையது போலும்.

போன இடத்தில் பிள்ளை நன்றாகப் படித்தானா என்றால், இல்லை. கார்ஜியாஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர் அவனைக் குடியிலும் களியாட்டத்திலும் இழுத்துவிடுகிறார் என்று கேள்வியுற்ற சிசரோ, அந்த மனிதருடன் பழகவே கூடாதென்று தடுத்துவிட்டார். லியோனிடஸ் என்பவர் ஏதென்ஸிலிருந்து பையனைப் பற்றி எழுதினார். நல்ல விதமாகத்தான் எழுதினார். ஆனால் ‘இப்போதைய நிலையில்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு சொல் தந்தையின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதைச் சுட்டிக்காட்டி அட்டிக்கஸிடம் புலம்புகிறார். ரோமானிய மன்றத்தையே நாவால் ஆட்டிவைத்தவர், மகனைப் பற்றிய ஒரு சொல்லுக்கு நடுங்கியிருக்கிறார்.

இனி மார்க்கஸின் கடிதம். கி.மு. 44-இல் எழுதியது. தந்தைக்கு அன்று, டிரோவுக்கு. டிரோ சிசரோவின் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், அவருடைய செயலாளர், அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு மாமன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்திருந்த கடிதக்காரர்கள் ரோமிலிருந்து புறப்பட்ட நாற்பத்தாறாம் நாள் வந்து சேர்ந்தார்கள் என்று தொடங்குகிறான். இளமையில் செய்த பிழைகளை நினைத்தால் உள்ளமும் கூசுகிறது, காதும் கூசுகிறது என்கிறான். இனி என் நற்பெயரை நீயே எங்கும் பறைசாற்றலாம் என்று டிரோவுக்கு உறுதி தருகிறான். கிராட்டிப்பஸ் என்னும் ஆசிரியரிடம் மாணவனாக அன்றி மகனாகவே பழகுகிறானாம். பகல் முழுவதும் அவருடன் இருந்து, பல வேளைகளில் இரவிலும் ஒரு பகுதியை அவருடன் கழிக்கிறானாம். புருட்டியஸ் என்ற மற்றோர் ஆசிரியர் வறியவர். அவருக்குத் தன் வீட்டருகிலேயே இடம் அமர்த்தி, தன் சுருங்கிய வருவாயிலிருந்து உதவுகிறானாம். கார்ஜியாஸ் பயனுள்ளவர்தாம், எனினும் தந்தை தெளிவாகக் கட்டளையிட்டதால் விட்டுவிட்டேன் என்று வருத்தத்தோடு குறிப்பிடுகிறான்.

அப்புறம் பையனுக்கே உரிய குறும்பு எட்டிப் பார்க்கிறது. டிரோ அப்பொழுது ஒரு பண்ணை வாங்கியிருந்தார். நீ இனி நாட்டுப்புறத்தான் ஆகிவிட்டாய். கருவிகள் வாங்குவதும், மேற்பார்வையாளனோடு பேசுவதும், விருந்து முடிவில் தின்ற பழத்தின் விதைகளை மேலாடை மடிப்பில் சேர்த்துவைப்பதும் என் கண்முன் தெரிகிறது என்று எழுதுகிறான். கடைசியில் ஒரு வேண்டுகோள்: எழுத்தன் ஒருவனை, கூடுமானால் கிரேக்கனை, விரைவில் அனுப்பு, பாடக்குறிப்புகளைப் படியெடுப்பதில் என் நேரமெல்லாம் போகிறது.

இந்த இடத்தில் என் தங்கை மகன் சிரித்துவிட்டான். ஒரு மாதத்துக்குப்பின் அவன் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

மார்க்கஸின் உறுதிமொழிகளில் எத்தனை மெய் என்பது வேறு வழக்கு. நூறாண்டுக்குப் பின் எழுதிய மூத்த பிளினி, அவன் ஒரே மூச்சில் ஆறு லிட்டருக்கு மேல் மது அருந்த வல்லவன் என்று பெயர் பெற்றிருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். இதைப் பையனிடம் நான் சற்று அழுத்தியே சொன்னேன். அவனோ, “பிளினிக்கு அது தெரியும், மாமா, ஆனால் டிரோவுக்கு எழுதிய அன்று மார்க்கஸுக்குத் தெரியாதல்லவா?” என்றான். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

மகனை நேரில் காணச் சிசரோ கி.மு. 44 கோடையில் கப்பல் ஏறினார். எதிர்க்காற்று கப்பலை இத்தாலியின் தென்கோடியிலேயே திருப்பிவிட்டது, அங்கே ரோமிலிருந்து அரசியல் செய்தியும் வந்தது, திரும்பிவிட்டார். அந்த இலையுதிர் காலத்தில் ‘கடமைகள்’ பற்றி மூன்று பகுதிகளில் ஒரு நூல் எழுதி அதை மகனுக்கே முன்னிலைப்படுத்தினார். அதே வேளையில் புரூட்டஸ் ஏதென்ஸுக்கு வந்து மாணவர்களைத் தன் படைக்குத் திரட்டினான். மார்க்கஸ் போனான், பின்னாளில் பெருங்கவிஞனான ஹொரேஸும் அவ்வாறு போனவனே. கி.மு. 43 டிசம்பர் 7-ஆம் நாள் ஆண்டனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்றார்கள். பிள்ளையைப் படிக்க அனுப்பிய தந்தை அவனை மறுபடி பார்க்கவேயில்லை.

பையன் அன்றிரவே எங்கள் வீட்டு மேசையில் அமர்ந்து தகப்பனாருக்குத் தாளில் கடிதம் எழுதினான். போனில் சொல்ல நா எழாததை எழுத்தில் சொல்ல முடிந்தது. வருகைக் குறைவு, காரணம், கூச்சம் எல்லாம் எழுதினான். மீதமுள்ள வகுப்புகளில் ஒன்றையும் விடாமல் சென்றால்தான் எல்லையைத் தொடலாம் என்ற கணக்கையும் ஒளிக்காமல் எழுதினான். அதற்குப் பின் இரண்டு பக்கம் வேறொன்றும் எழுதினான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மார்க்கஸ் போர்களில் தோற்று, மன்னிக்கப்பெற்று ரோம் திரும்பினான். கி.மு. 30-இல் ஆக்டேவியனோடு கான்சல் பதவி வகித்தான். தந்தையைக் கொன்ற ஆண்டனி எகிப்தில் மாண்டது அந்த ஆண்டில்தான். ஆண்டனியின் சிலைகள் ரோமில் அகற்றப்பட்டது இவன் பதவிக் காலத்தில்தான். எகிப்து ரோமானியர் கைக்கு வந்ததும் செங்கடல் துறைமுகங்களும் அவர்களுடையவாயின. சில ஆண்டுகளுக்குள், மையோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதாகப் புவிநூலறிஞர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அத்துறை இருந்த குசைர் அல்-காதிம் என்னும் இடத்தில், தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. நம்மவர் அங்கேயும் குடிபோயிருந்தனர் என்க. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு யார் வீட்டிலோ!

மறுமுனை எங்கே? தில்லித் திலக் மார்க்கில் தொல்லியல் துறையின் நூலகம் உள்ளது. அங்கே துறையின் ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ இதழின் 2-ஆம் எண்ணைப் பையன் கண்டான், 1946-இல் வெளிவந்தது. அப்பொழுது துறையின் தலைமை இயக்குநராயிருந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ரோமானியச் சாடியின் உடைந்த துண்டைக் கண்டு, அது கிடைத்த இடத்தைத் தேடிப் போய், 1945-இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த வரலாறு அதில் உள்ளது. இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்பு மட்பாண்டங்கள், மது வந்த சாடிகள், அவற்றோடு தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் எல்லாம் ஒரே மண்ணில் கிடந்தன. அரிக்கமேடு, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்து அரியாங்குப்பத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். பிறந்தது முதல் நூறு முறை அவ்வழியே போன பிள்ளை, தன் ஊர் வாசலில் ரோமாபுரி புதைந்திருந்ததைத் தில்லியில் வந்து படித்து அறிந்திருக்கிறான்.

கடிதம் போய் ஐந்தாம் நாள் இரவு மைத்துனர் என்னை அழைத்தார். ஏச்சுக்கு ஆயத்தமாக இருந்தேன். அவரோ, ரோமில் மிளகு என்ன விலை விற்றது என்று கேட்டார்! பையனிடம் கேட்டுச் சொன்னேன்: மூத்த பிளினி தரும் விலைப்படி, ஒரு ரோமானிய ராத்தலுக்கு, அதாவது சுமார் 327 கிராமுக்கு, கருமிளகு 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. ஒரு தெனாரியஸ் என்பது ஏறக்குறைய கூலியாளின் ஒரு நாள் ஊதியம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. “கருமிளகு கிலோவுக்குப் பன்னிரண்டு நாள் கூலி” என்றார் மைத்துனர். “திப்பிலி அதைப்போல் நாலு மடங்கா?”

பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தத் தகப்பன் கப்பலைத் திருப்பாமல் போயிருக்கலாம், மச்சான்” என்றார்.

பாடத்தை மாற்றுவது பற்றி அவர் அன்று பேசவில்லை. விட்டுவிட்டார் என்றும் நான் சொல்ல மாட்டேன். பையன் இப்பொழுது எட்டரை மணி வகுப்புக்குத் தவறாமல் போகிறான். ஞாயிறன்று வந்தால் உண்டவுடன் உறங்கிவிடுகிறான். அடுத்த மாதம் மைத்துனர் தமிழ்நாடு விரைவு வண்டியில் தில்லி வருகிறார். சென்னையிலிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வருவதாகவும், கமலா நகர் அறையில் அந்த ஐந்தாவது ஆளுக்குப் பாய் விரிக்க இடமிருக்குமா என்று கேட்டுச் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார். ஆம், தாளில்தான் எழுதியிருக்கிறார்.