நாள் பார்த்துப் புறப்படுங்கள்!

ராமேசுவரத்துக்கு யாத்திரை போகிறவர்கள், ரயில் உச்சிப்புளியைத் தாண்டியதுமே ஜன்னல் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுவார்கள். பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆசை! 2025-ல் புதுப் பாலம் வந்த பிறகு இந்த ஆசை இன்னும் அதிகமாகியிருக்கிறது. ஆனால் கடல் தெரிவதற்கு முன்னால் இரண்டு ஸ்டேஷன்கள் வருகின்றனவே, அவற்றைக் கவனித்தீர்களா? முதலில் வருவது 'மண்டபம் கேம்ப்.' அடுத்தது 'மண்டபம்.' இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு ஸ்டேஷன்? அந்த 'கேம்ப்' யாருடையது?

சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அது இலங்கை சர்க்காருடைய முகாம். நம் மண்ணில், நம் கடற்கரையில், அக்கரைச் சர்க்கார் நடத்திய வைத்தியப் பரிசோதனை முகாம்!

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து கப்பலில் ஏறினால் தலைமன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஜனங்கள், திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் இந்த வழியாகத்தான் போனார்கள். ஆனால் நேரே கப்பலில் ஏறிவிட முடியாது. மண்டபத்தில் இறங்கி, முகாமில் சில தினங்கள் தங்க வேண்டும். டாக்டர் பார்ப்பார். அம்மை குத்துவார்கள். அதன் பிறகுதான் அக்கரைப் பயணம்.

ஏன் சில தினங்கள்? காலரா விஷம் உடம்பில் புகுந்தால், அது வெளிப்பட அதிகபட்சம் ஐந்து நாள் ஆகலாம். இன்று பார்த்து நன்றாயிருக்கிறவன் நாளை மறுநாள் படுத்துவிடலாம். ஆகவே, 'நேற்று நன்றாயிருந்தான்' என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. 'கப்பலேறும் நாளில் நன்றாயிருக்கிறானா?' என்பதுதான் கேள்வி. சான்றிதழுக்கும் பயணத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று அப்போதே கணக்குப் பார்த்திருக்கிறார்கள்!

1939 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் போவதைத் தடுத்துவிட்டது. முகாமின் பழைய வேலை அத்துடன் ஓய்ந்தது. ஆனால் அந்த நாள் கணக்கு ஓயவில்லை, சகோதரிகளே! அது இன்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

இன்றைய மண்டபம்

உங்கள் பெண் நர்ஸாக இருக்கலாம். மாப்பிள்ளை என்ஜினீயராக இருக்கலாம். ஆஸ்திரேலியா, கனடா, நியூஜிலாந்து என்று திறமைத் தொழிலாளர் விசாவுக்கு மனுப் போடாத தெரு இப்போது எங்கே இருக்கிறது? மனுவோடு இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒன்று மெடிக்கல். மற்றொன்று போலீஸ் சான்றிதழ்.

மெடிக்கல் என்றால் உங்கள் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அல்ல. அந்தந்த நாட்டு சர்க்கார் நம் நாட்டில் அங்கீகரித்து வைத்திருக்கும் டாக்டரிடந்தான் போக வேண்டும். சென்னை போன்ற பெரிய நகரங்களில் இவர்கள் இருக்கிறார்கள். முடிவை அவர்கள் கம்ப்யூட்டர் மூலம் நேரே அந்த சர்க்காருக்கே அனுப்பிவிடுவார்கள். 'ஐயாயிரம் கொடுங்கள், ரிப்போர்ட்டைச் சரிப்படுத்தித் தருகிறேன்' என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால், வாசலைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

போலீஸ் சான்றிதழுக்கு நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்று பயனில்லை. பாஸ்போர்ட் இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். ராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்கு மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ். கட்டணம் 500 ரூபாய். தேவைப்பட்டால் உள்ளூர்ப் போலீஸார் விலாசத்தை விசாரித்து எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் பழைய விலாசமும், குடியிருப்பது புது வீடுமாக இருந்தால் நாள் கூடும்.

இரண்டும் சாதாரண விஷயங்கள்தானே என்று தோன்றும். எத்தனையோ குடும்பங்கள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். காரணம், இந்தச் சான்றிதழ்களுக்கு ஆயுள் உண்டு!

எந்தத் தாளுக்கு எத்தனை ஆயுள்?

ஆஸ்திரேலியாவுக்கு மெடிக்கலும் போலீஸ் சான்றிதழும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் செல்லும். கனடாவுக்கு மெடிக்கல் பன்னிரண்டு மாதம். போலீஸ் சான்றிதழோ, இப்போது வசிக்கும் நாட்டுடையதாக இருந்தால், மனுப் போடுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். நியூஜிலாந்து இன்னும் கண்டிப்பு: மனுப் போடும்போது மெடிக்கல் மூன்று மாதத்துக்கும், போலீஸ் சான்றிதழ் ஆறு மாதத்துக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் காட்ட வேண்டும். அதற்கு ஆயுள் ஆறு மாதம். அங்கே போலீஸ் சான்றிதழை நர்ஸ், ஆசிரியை போன்ற சில உத்தியோகங்களுக்கு மட்டுமே கேட்கிறார்கள்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. உதாரணமாக, கனடாவில் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் மனுப் போடுகிறவர்கள் 2025 ஆகஸ்டு 21 முதல் மெடிக்கலை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால், சர்க்கார் கேட்ட பிறகு போனால் போதும். ஆகையால், பக்கத்து வீட்டு மாமியின் மருமகன் மூன்று வருஷத்துக்கு முன்னால் போன கதையைக் கேட்டு நடக்காதீர்கள். அந்த நாட்டு சர்க்காரின் சொந்த இணையப் பக்கத்தில் இன்றைய விதியைப் பாருங்கள்.

முந்தினாலும் நஷ்டம்!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஆஸ்திரேலியா போக ஆசை. முதலில் விருப்ப மனு ஒன்றைப் பதிவு செய்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அழைப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இவர்கள் சுறுசுறுப்புக்காரர்கள். 'எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்வோமே' என்று, அழைப்பு வருவதற்கு முன்பே, ஜனவரியில் மதுரைக்குப் போய் போலீஸ் சான்றிதழ் வாங்கினார்கள். சென்னைக்குப் போய் மெடிக்கலையும் முடித்தார்கள்.

அழைப்பு வந்தது நவம்பரில். அழைப்பு வந்த 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். டிசம்பரில் போட்டார்கள். மறு வருஷம் ஏப்ரலில்தான் அதிகாரி கட்டைப் பிரித்தார். இரண்டு சான்றிதழும் காலாவதி! மறுபடி மூன்று பேருக்கும் ரயில் செலவு, லாட்ஜ் செலவு, டாக்டர் கட்டணம், பெரியவர்களுக்குப் புதுச் சான்றிதழ். சுறுசுறுப்புக்குக் கிடைத்த அபராதம் இது.

இன்னொன்றும் உண்டு. விசா கொடுக்கும்போது, 'இன்ன தேதிக்குள் முதல் தடவை வந்து சேர வேண்டும்' என்று ஆஸ்திரேலிய சர்க்கார் ஒரு நாள் குறிப்பது வழக்கம். மெடிக்கல், போலீஸ் சான்றிதழ் இரண்டில் எது முதலில் காலாவதியாகிறதோ, அதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அந்த நாளைக் குறிக்கிறார்கள். சான்றிதழ் பழசாக இருந்தால், விசா வந்த கையோடு இரண்டே மாதத்தில் வீட்டைக் காலி செய்து விமானமேற வேண்டியதாகிவிடும். பரீட்சை எழுதும் குழந்தையும், படுத்திருக்கும் மாமனாரும் இருக்கும் வீட்டில் அது சுலபமா?

பிந்தினால்..?

கேட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கட்டி உட்கார்ந்தால் அதுவும் ஆபத்து. ஆஸ்திரேலிய அதிகாரி ஒரு தாள் பாக்கி என்று எழுதினால், பொதுவாக 28 நாள் அவகாசந்தான் தருகிறார். நம் ஊர்ச் சான்றிதழ் அதற்குள் வந்துவிடலாம். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் பெண் சவூதியில் இரண்டு வருஷம் நர்ஸாக இருந்தாளே? மாப்பிள்ளை சிங்கப்பூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தாரே? அந்த நாட்டுப் போலீஸாரின் சான்றிதழும் வேண்டும்! கடந்த பத்து வருஷத்தில் ஒரு நாட்டில் மொத்தம் பன்னிரண்டு மாதம் இருந்திருந்தால் ஆஸ்திரேலியா கேட்கும். தொடர்ந்து ஆறு மாதம் இருந்தாலே கனடா கேட்கும். அங்கெல்லாம் கைரேகை கேட்பார்கள், தூதராலயத்தின் முத்திரை கேட்பார்கள், மாதங்கள் ஓடிவிடும்.

ஆகவே, வெளிநாட்டில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள், அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழைக் கையோடு வாங்கி வருவது நல்லது. மறுபடி அங்கே போய்த் தங்காதவரை அது பல இடங்களில் உதவும். உள்ளூர்ச் சான்றிதழுக்கு உள்ள அவசர ஆயுள் அதற்கு எல்லா நாட்டிலும் இல்லை. வாங்கி வராதவர்கள், அழைப்பு வருவதற்கு முன்பே வழி விசாரித்து வையுங்கள். மனுப் போட்ட ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதம் உங்களுடையதல்ல என்று காட்ட அது ஒன்றுதான் சாட்சி.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை

மெடிக்கலில் மார்பு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பிணிகள் அதைப் பிரசவம் வரை தள்ளிப்போடும்படிதான் யோசனை சொல்கிறார்கள். அதுவரை மனு கிடப்பில் இருக்கும். பிறக்கும் குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுத்து மனுவில் சேர்க்க வேண்டும். இது குற்றமுமல்ல, மறைக்க வேண்டிய விஷயமுமல்ல. சந்தேகம் இருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கனவு ஆறு மாதம் தள்ளிப் போகலாம். அதற்காக வயிற்றுப் பிள்ளையின் விஷயத்தில் அவசரம் வேண்டாம்.

எக்ஸ்ரேயில் பழைய காசநோயின் வடு தெரிந்தால், கோழையை மூன்று நாள் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பயப்பட வேண்டாம். சிகிச்சை முடிந்து குணமானவர்களுக்குக் கதவு அடைபடுவதில்லை. அன்று சாப்பிட்ட மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போனால் வேலை சுருங்கும். பதினொரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே கிடையாது.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்கு இனிஷியல்தான். குடும்பப் பெயர் இல்லை. கல்லூரிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயருடன் வேறு மாதிரி, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயருடன் மூன்றாவது மாதிரி! போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் வரும். ஆகவே பாஸ்போர்ட்டைத் திருத்துவதென்றால் முதலில் திருத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கப்பல் நின்ற கதை

மண்டபம் இன்னொரு பாடமும் சொல்லும். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கிவிட்டது. கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது. தாயகம் திரும்பியவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். 1984-ல் கப்பலே நின்றுவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். 2003-ல்தான் இலங்கை சட்டம் இயற்றி அவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. இடையில் பத்தொன்பது வருஷம்! அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. தாள் இருந்த நாளில் கப்பல் இல்லை, அவ்வளவுதான்.

நமக்கு அத்தனை கஷ்டம் இல்லை. நம் கணக்கு நம் கையில் இருக்கிறது. இப்படிச் செய்யுங்கள்: பாஸ்போர்ட்டில் பெயரும் விலாசமும் முதலில். வெளிநாட்டுப் போலீஸ் சான்றிதழ் அடுத்து. அழைப்பு வந்த பிறகு, அந்த நாட்டு விதி கேட்கும் சமயத்தில், நம் நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் மெடிக்கலையும் சில வாரங்களுக்குள் சேர்த்து முடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காலாவதியானால், ஒன்று மற்றதைக் காலை வாராது. விசா கைக்கு வரும் வரை இருக்கும் உத்தியோகத்தை விடாதீர்கள்; வீட்டை விற்காதீர்கள்; நகையை அடகு வைக்காதீர்கள்.

கல்யாணத்துக்கும் கிருகப் பிரவேசத்துக்கும் நாள் பார்க்கிறோம். அந்தப் பஞ்சாங்கம் தொங்கும் ஆணியிலேயே ஒரு காகிதத்தையும் மாட்டி வையுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மூன்று தேதிகள்: பாஸ்போர்ட் முடியும் நாள், போலீஸ் சான்றிதழ் முடியும் நாள், மெடிக்கல் முடியும் நாள். வீட்டில் யார் மறந்தாலும், அடுக்களைக்குப் போகும்போதும் வரும்போதும் உங்கள் கண்ணில் அது படும்!