சந்தையைப் படித்தவர்கள் – 9: வேன் ஏறிய பேராசிரியர்கள்

1986ஆம் ஆண்டு கோடை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு பெரிய வேன் புறப்பட்டது. குடும்பத்தோடு ஊர் சுற்ற அமெரிக்கர்கள் வாங்கும், சமையலுக்கும் படுக்கைக்கும் இடம் உள்ள வண்டி. ஏறியவர்களோ பல்கலைக்கழகங்களில் மார்க்கெட்டிங் பாடம் நடத்தும் பேராசிரியர்கள். கையில் வீடியோ கேமராவும் நோட்டுப் புத்தகங்களும். நாட்டின் குறுக்கே பயணம் செய்து பாஸ்டன் போய்ச் சேர்வது திட்டம். வழியில் சந்தை, திருவிழா, வீடு என்று கண்ட இடத்தில் இறங்கி, மக்கள் எதை வாங்குகிறார்கள், எதைப் போற்றிப் பாதுகாக்கிறார்கள், எதை எந்த விலைக்கும் விற்க மறுக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதே வேலை.

இந்தப் பயணத்துக்கு 'நுகர்வோர் நடத்தை ஒடிசி' என்று பெயர். முன்னின்று நடத்தியவர்கள் யூட்டா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் பெல்க், அரிசோனாவின் மெலனி வாலண்டார்ஃப், நார்த்வெஸ்டர்னின் ஜான் ஷெர்ரி. ஷெர்ரி மானிடவியல் படித்தவர். இவர்களோடு இன்னும் பல ஆய்வாளர்கள் வழியில் சேர்ந்தும் பிரிந்தும் பயணம் செய்தார்கள்.

அன்றைய ஆய்வுலகில் இது துணிச்சலான காரியம். இந்தத் துறையின் முதன்மையான இதழான 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்' 1974இல்தான் தொடங்கியது. அதை நிறைத்தவை பெரும்பாலும் கேள்வித்தாள்களும் ஆய்வுக்கூடச் சோதனைகளும். வாங்குபவரின் மனம் கணக்குப் போடும் இயந்திரமாகவே அவற்றில் காட்சியளித்தது. மாரிஸ் ஹால்புரூக்கும் எலிசபெத் ஹிர்ஷ்மனும் 1982இல் அதே இதழில் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: கற்பனை, உணர்ச்சி, குதூகலம் இவையெல்லாம் எங்கே போயின? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் வேன் கிளம்பியது.

பயணத்துக்கு முன்பு ஒரு வெள்ளோட்டம் நடந்தது. அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள ஒரு பழம்பொருள் சந்தை. 1988இல் வெளிவந்த கட்டுரையில் அதற்கு 'ரெட் மேசா' என்று புனைபெயர் வைத்தார்கள். விற்பவர், வாங்குபவர் இரு தரப்போடும் பேசினார்கள். அன்றன்று பார்த்ததை அன்றே எழுதினார்கள். எழுதியதைச் சந்தைக்காரர்களிடமே காட்டிச் சரிபார்த்தார்கள். வெளியிலிருந்து தணிக்கையாளர்களை அழைத்துத் தங்கள் குறிப்புகளைச் சோதிக்கவும் சொன்னார்கள். எண் இல்லாத ஆய்வு வெறும் கதை என்று ஒதுக்கிவிடுவார்களே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. நியாயமான கவலைதான்.

அந்தச் சந்தையில் கண்ட முரண்களே கட்டுரையின் உயிர். சுதந்திரமும் உண்டு, விதிகளும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் போட்டியாளர், அவரே துணையாளரும்கூட. விலைப் பட்டியலுக்குள் அடங்காத ஏதோ ஒன்று பேரத்துக்கு நடுவே தலைகாட்டியது.

அந்த ஏதோ ஒன்றைத்தான் அடுத்த ஆண்டு வந்த கட்டுரை துருவியது. மதத்துக்கு மட்டும் உரியதென்று நினைக்கும் புனிதம் பொருள்களின் மீதும் படிகிறது என்றார்கள் மூவரும். கடையில் எடுத்த சட்டை வெறும் சரக்கு. அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு முன் விலைச் சீட்டைக் கிழித்து, வண்ணத்தாள் சுற்றும்போது அது வேறொன்றாக மாறுகிறது. பரம்பரையாக வருவது, சேகரிப்பில் சேர்வது, பயணம் போன ஊரிலிருந்து எடுத்து வருவது என்று இந்த மாற்றத்துக்குப் பல வழிகள். அப்படி மாறிய பொருளுக்கு விலை பேசினால் உடையவருக்கு வலிக்கிறது.

1988இல் பெல்க் தனியாக எழுதிய கட்டுரை இன்னும் ஆழம் போனது. 'என்னுடையது' என்று சொல்பவை 'நான்' என்பதன் நீட்சி என்பது அவர் வாதம். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே தொட்ட சிந்தனை இது. வீட்டில் திருட்டுப்போனவர்கள் பண இழப்பை மட்டும் சொல்வதில்லை, தம்மையே யாரோ தீண்டிவிட்டதுபோல் குமுறுகிறார்கள். இதைப் பெல்க் சான்றாக எடுத்துவைத்தார். 1991இல் ராஜ் மேத்தாவும் அவரும் சேர்ந்து, இந்தியாவில் வாழும் இந்தியர்களின் விருப்பமான உடைமைகளையும் அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களின் உடைமைகளையும் ஒப்பிட்டார்கள். கடல் கடந்தவர்களுக்கு, தாங்கள் யார் என்பதைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பொருள்கள் துணை நின்றதை அந்த ஆய்வு காட்டியது.

இந்தப் போக்கில் வந்த ஆய்வுகளுக்கு எரிக் ஆர்னோல்டும் கிரெய்க் தாம்ஸனும் 2005இல் 'நுகர்வோர் பண்பாட்டுக் கோட்பாடு' என்று பெயர் சூட்டினார்கள். வேன் பயணத்தில் தொடங்கியது பாடத்திட்டமாக வளர்ந்தது. நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஜெனவீவ் பெல் என்ற மானிடவியலாளரைக் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல் 1998இல் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இங்கேதான் கவனம் வேண்டும். மனிதர் ஒரு பொருளை ஏன் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார் என்ற அறிவு, விற்பவர் கையில் வலிமையான ஆயுதம். பெல்க் அதன் மறுபக்கத்தையும் பார்த்தவர். உடைமைப் பற்று, பிறருக்குக் கொடுக்க மனமின்மை, பொறாமை மூன்றையும் அளக்கும் அளவுகோலை அவர் 1985இலேயே உருவாக்கினார். அளவு கூடியவர்களிடம் மகிழ்ச்சி குறைவாக இருந்ததையும் பதிவுசெய்தார். இந்த ஆய்வுகள் விளம்பரக்காரர்களின் மேசையில் மட்டும் கிடப்பது அநீதி. நுகர்வோர் சங்கங்களும் பள்ளி ஆசிரியர்களும் இவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். வாங்கும் மக்களிடம் அவரவர் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.