சாவியைக் கையளித்தால் மட்டும் போதுமா?

மோட்டார் காரை விற்பவர் பணத்தைப் பெற்று, பத்திரங்களில் ஒப்பமிட்டு, சாவிக்கொத்தை வாங்குபவரிடம் கையளித்துவிட்டால் கொடுக்கல் வாங்கல் நிறைவுபெற்றுவிட்டது என்றே நாம் காலங்காலமாக எண்ணி வந்துள்ளோம். ஆனால், கையில் எடுத்துக் கொடுக்க முடியாத சாவியொன்றும் காருக்குள் மறைந்திருக்கக்கூடும் என்பதை மேலை நாடுகளின் அனுபவம் இன்று உணர்த்துகின்றது.

அந்நாடுகளில் தமது சொந்தக் காரை, தாம் பயன்படுத்தாத வேளைகளில், முன்பின் அறியாதவர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் முறை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பரவியுள்ளது. 2009 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட கெட்அரவுண்ட் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். 2019 இல் பிரான்சின் டிரைவி நிறுவனத்தை 30 கோடி டொலருக்கு வாங்கி அது ஐரோப்பாவிலும் கால்பதித்தது.

உரிமையாளரும் வாடகைக்கு எடுப்பவரும் நேரில் சந்திக்காமலே கார் கைமாற வேண்டுமாயின் கதவைத் திறப்பதற்கு ஒரு வழி வேண்டும். அதற்காகவே டாஷ்போர்டின் உட்புறத்தில் சிறிய கருவியொன்று பொருத்தப்படுகின்றது. செய்மதி மூலம் காரின் இருப்பிடத்தை அறிவதும், கையடக்கத் தொலைபேசிச் செயலியிலிருந்து வரும் கட்டளைக்கேற்பக் கதவைப் பூட்டித் திறப்பதும் அதன் பணிகளாகும். சில கருவிகள் இயந்திரம் இயங்காதவாறு தடுக்கவும் வல்லவை. காரின் அசல் சாவியொன்றும் பெரும்பாலும் காருக்குள்ளேயே வைக்கப்படுகின்றது.

இக்கருவியை அகற்றாமல் காரை விற்றால் விளைவது என்ன? புதிய உரிமையாளர் எங்கே செல்கின்றார், இரவில் காரை எங்கே நிறுத்துகின்றார் என்பதை அவர் அறியாமலே வேறொருவர் அறியக்கூடும். கதவைத் திறக்கும் ஆற்றலும் பிறர் கையில் எஞ்சலாம். ஓயாது மின்சாரத்தை உறிஞ்சும் கருவி, நாட்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் காரின் பற்றரியை வலுவிழக்கச் செய்யும். இயந்திரத்தைத் தடுக்கும் வயர்களில் பழுது ஏற்பட்டால் கார் நடுவழியில் நின்றுவிடவும் இடமுண்டு.

இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சார்ள்ஸ் ஹென்டர்சன், தாம் விற்ற காரைப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் தமது தொலைபேசிச் செயலியினால் கட்டுப்படுத்த முடிந்ததை 2017 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாடொன்றில் எடுத்துரைத்தார். அது காருடனேயே வந்த வசதி. பின்னர் பொருத்தப்பட்ட கருவியன்று. விற்பதற்கு முன் காரிலிருந்த தமது தகவல்களை அவர் அழித்திருந்தார். எனினும் செயலிக்கும் காருக்குமிடையிலான தொடர்பு அறுபடவில்லை. துறை வல்லுநருக்கே இந்நிலையெனில் சாதாரண மக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கருவியைப் பொருத்திய நிறுவனமே சேவையை நிறுத்திவிட்டால் சிக்கல் மேலும் இறுகுகின்றது. கெட்அரவுண்ட் 2025 பெப்ரவரியில் அமெரிக்காவில் தனது சேவையை முடிவுக்குக் கொண்டுவந்தது. இவ்வாறான வேளைகளில் கருவியை அகற்றும் பொறுப்பு யாருடையது என்ற வினா எழுவது இயல்பே. பொருத்தும்போது காட்டும் அக்கறையை அகற்றும்போதும் காட்டுவது நிறுவனங்களின் கடமை என்பதே எமது கருத்தாகும்.

ஆயினும், காரை விற்பவர் தமது பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் வாடகைப் பட்டியலிலிருந்து காரை நீக்க வேண்டும். அடுத்து, கருவியை அகற்றித் தருமாறு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கோர வேண்டும். தாமாகவே வயர்களை அறுப்பது ஆபத்தானது. இயந்திரத் தடுப்புடன் இணைந்த வயர் தவறாக வெட்டப்பட்டால் கார் இயங்காமலே போகலாம். நிறுவனத்தின் உதவி கிட்டாவிடின் தேர்ந்த வாகன மின்னியலாளரை நாடி, வயர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்ய வேண்டும். காருக்குள் வைத்த சாவியை மீட்பதும், அகற்றியமைக்கான பற்றுச்சீட்டை வாங்குபவரிடம் ஒப்படைப்பதும் அவசியமாகும்.

எமது நாட்டில் இத்தகைய கார்ப் பகிர்வு முறை பரவலாக இல்லாதிருக்கலாம். ஆனால், வாடகைக்கு விடப்படும் வாகனங்களில் இருப்பிடங்காட்டிக் கருவிகள் பொருத்தப்படுவது நமக்குப் புதிதன்று. பழைய வாகனமொன்றை வாங்குவோர் இயந்திரத்தையும் டயரையும் சோதிப்பதோடு நின்றுவிடாது, டாஷ்போர்டின் கீழே என்ன இருக்கின்றது என்றும் விசாரித்தறிவது நன்று. விற்பவரும் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வாகனத்தை முழுமையாகக் கைவிட்டவரே அதனை முழுமையாக விற்றவராவார்.