முறை வைத்து விழிக்கும் கணினிகள்

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் தொடங்கிவிடும். இந்த மடைக்கு இத்தனை நேரம், அடுத்த மடைக்கு இத்தனை நேரம் என்று கணக்கு. அதற்காக ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ராத்திரி முழுக்க வரப்பில் உட்கார்ந்திருப்பதில்லை. நீர்பாய்ச்சி ஒருவர் மண்வெட்டியும் டார்ச்சுமாகச் சுற்றி வருவார். முறை வந்தவரை மட்டும் எழுப்புவார். மற்றவர்கள் தூங்கலாம்.

கணினிகள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் பியர்-டு-பியர் வலையமைப்புக்கு இப்படியொரு நீர்பாய்ச்சி வெகுகாலம் வாய்க்கவில்லை. 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரன்ட்டையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் தொகுப்பு ஒன்றை நீங்கள் இறக்கினால், அதன் துண்டுகள் எங்கெங்கோ உள்ள வீட்டுக் கணினிகளிலிருந்து வருகின்றன. வந்த துண்டுகளை உங்கள் கணினி பிறருக்குக் கொடுக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் கொடுக்கிறவர் கணினியை அணைத்துவிட்டால் துண்டு கிடைக்காது. யாராவது கேட்கக்கூடும் என்று எல்லாக் கணினிகளும் விழித்தே கிடக்கின்றன. கொடுக்கல் வாங்கலுக்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான். காத்திருப்புத்தான் மின்சாரத்தைத் தின்கிறது.

மேசைக் கணினி ஒன்று சும்மா இருக்கும்போது 80 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குள், வீடுகளுக்குத் தமிழக அரசு தரும் இலவச 100 யூனிட் அந்த ஒரு பெட்டிக்கே போயிருக்கும். அதே கணினி உறக்கநிலையில் 3 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு நாலேகால் யூனிட் சொச்சம்.

உறங்கும் கணினியை வலைவழியே எழுப்பும் 'வேக்-ஆன்-லேன்' முறை 1990-களிலேயே வந்துவிட்டது. கணினி உறங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். கார்டின் முகவரியை அடுத்தடுத்து 16 முறை எழுதிய ஒரு சிறு செய்தி வந்தால், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலக் கணினி எழுந்துவிடும். ஆனால் 'இருக்கிறாயா?' என்ற ஒரு சின்ன விசாரிப்புக்கும் முழுக் கணினியும் எழ வேண்டுமென்றால் தூங்கி என்ன பயன்? வீட்டுக்காரர் சார்பில் பதில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

2009-இல் யுவராஜ் அகர்வாலும் சக ஆய்வாளர்களும் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இரண்டும் சேர்ந்த ஆய்வில் அதைச் செய்து காட்டினார்கள். யுஎஸ்பி-யில் செருகும் சிறு கருவி. அதற்கெனத் தனிப் பிராசஸர், தனி நினைவகம். கணினி உறங்கும்போது கருவியே வலையில் பதில் சொல்லும், டொரன்ட் துண்டுகளைத் தன் நினைவகத்தில் வாங்கி வைக்கும், தன்னால் முடியாத வேலைக்கு மட்டும் கணினியை எழுப்பும். பெரும்பாலான சூழல்களில் 60 முதல் 80 சதவீதம் வரை மின்சாரம் மிஞ்சியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாம்னிலோக்வி', அதாவது தூக்கத்தில் பேசுதல். நம் வீட்டு ரௌட்டர் எப்படியும் 24 மணி நேரமும் விழித்திருக்கிறது. இந்த வேலையை அதனிடமே ஒப்படைக்கலாமே! இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது வீட்டுக்கு வீடு வழக்கமாகவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

எதீரியம் என்ற கிரிப்டோ நாணய வலையமைப்பு மின்செலவை இதைவிடப் பெரிதாகக் குறைத்தது. கணக்கை முதலில் முடிப்பது யார் என்று எல்லாக் கணினிகளும் முட்டிமோதிய பழைய முறையை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டு, ஒவ்வொரு முறைக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழிக்கு மாறியது. மின்செலவு 99.9 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

நம் பக்கத்தில் இந்த முறைக்கணக்கு கண் வைத்தியத்துக்கு உதவியிருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. துணை நின்றது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு. சாதாரண வைஃபை தான் அனுப்பும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். அனுப்பியது தொலைந்ததென்று நினைத்து மறுபடி அனுப்பும். குழு நேரத்தைப் பங்கு போட்டது: இந்த முனை பேசும்போது அந்த முனை கேட்கும், பிறகு மாறும், பதில்கள் மொத்தமாகப் போகும். 2007-இல் வெளியான ஆய்வின்படி வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

ஊர்ப்புற மின்சாரம்தான் அவர்களைப் படுத்தியது. பார்வை மையம் ஒன்றில் அளந்தபோது 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியும் 350-க்கு மேலே ஏறியும் இருந்தது. அங்கே சிக்கனம் என்பது கட்டணக் கணக்கு மட்டும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி, 80 வாட் கணினியை ஒரு முழு நாள் தாங்காது. 10 வாட் ரௌட்டரை நேரடியாக அதில் இணைத்தால் ஆறேழு நாள்வரை ஓடும். கரண்ட் போன மத்தியானத்திலும் பார்வை மையத்து நாற்காலியில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைத் தேனியிலிருந்து டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.