கயிற்றை நம்பி – 17: மஞ்சள் நூல்

மரம் ஏறும் சாமான் எப்போது சாகிறது என்ற கேள்வியில் போன வாரம் நின்றோம். பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரில் தொடங்கிய கதையை மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கயிற்றை மாட்டும் கொக்கியான காரபினர் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் கார்டன் ரீச்சில் ஒரு தையல்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

கொல்கத்தாவின் இந்த ஆற்றோரத்துக்கு நான் போனது அக்கரை ஆலமரத்துக்காக. சிப்பூர் தாவரவியல் பூங்காவில் இருக்கும் அந்த மரத்தின் அடிமரம் பூஞ்சை பிடித்து அழுகியதால் 1925இல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் இன்றும் விழுதுகளில் நிற்கிறது. 2020 மே 20 அன்று வந்த அம்பன் புயல் சேதம் செய்தும் மரம் விழவில்லை. பையில் இருந்த என் ஹார்னஸுக்கு, அதாவது மரம் ஏற இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டைக்கு, விழுது கிடையாது. அதன் இடது கால்வளையத்தில் நாலைந்து இழை விட்டிருந்தது.

மட்டியாபுர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. லக்னோ நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து 1856இல் வந்து தங்கிய இடம். இன்று சந்துக்குச் சந்து தையல் மெஷின். நாலு இழைதானே, இங்கே தைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு சபலம்.

தையல் மேஸ்திரியை அங்கே ஓஸ்தாகர் என்பார்கள். நான் போன கடையின் ஓஸ்தாகர் வளையத்தை உள்பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் தையல்மேல் ஒரு கோடு இழுத்தார். "பட்டை கறுப்பு. நூல் ஏன் மஞ்சள்? துணி நிறத்துக்கு நூல் தேடி நாங்கள் பஜார் முழுக்க அலைவோம். இவன் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கிறானே?"

பத்து வருஷமாக அந்தப் பட்டையைக் கட்டுகிறேன், ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லை. வேண்டுமென்றேதான். சட்டையில் தையல் தெரியக் கூடாது. ஹார்னஸில் தெரிந்தே ஆக வேண்டும். கறுப்பின்மேல் கறுப்பு நூல் அறுந்தால் கண்ணுக்குப் படாது. மஞ்சள் என்றால் ஓர் இழை பிசிறினாலும் போதும், காட்டிக்கொடுத்துவிடும். பட்டையோடு சேர்ந்து ஆளின் எடையைத் தாங்குவது நெருக்கிப் போட்ட இந்தத் தையல் கட்டுகள்தான்.

"தைத்துத் தருகிறேன்," என்றார் ஓஸ்தாகர். "ஆனால் நீங்கள் ஏறும் மரத்தின் அடியில் நான் நிற்க மாட்டேன்." பழைய ஊசித்துளைகளுக்கு நடுவில் புதுத் துளை போட்டால் பட்டையின் இழைகளும் அறும். தைத்த பிறகு அது எவ்வளவு தாங்கும் என்று கடையில் இழுத்துப் பார்க்கவும் வழியில்லை. கூலியும் வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

நிற நூல் என்றதும் இன்னொன்று. கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தின் மதிலோரம் நடந்தபோது ஞாபகம் வந்தது. சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். அஜய் 1961இல் முடிந்தது இங்கேதான். பாய்மரக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் கயிறுகளின் புரிக்குள் ஒரு நிற இழையை ஒளித்து முறுக்கும். திருடி விற்ற கயிற்றைப் பிரித்தால் குட்டு வெளிப்படும். நாம் மரத்தில் கட்டும் ஐரோப்பியத் தரக் கயிற்றின் உள்ளேயும் ஒரு மெல்லிய நாடா ஓடுகிறது. தயாரித்தவர் பெயரும் ஆண்டும் அதில் மீட்டருக்கு ஒரு முறையாவது அச்சாகியிருக்கும். லேபிள் போன கயிற்றின் வயது தெரிய வேண்டுமானால் நுனியை நறுக்கிப் பிரித்துப் பாருங்கள்.

வயது தெரிந்தால் மட்டும் போதாது. கயிற்றை அங்குலம் அங்குலமாக விரலில் உருட்டிக்கொண்டே போய் அங்கங்கே 'ப' வடிவில் வளையுங்கள். நல்ல இடம் உருண்டையாக வளையும். உள்ளே நைந்த இடம் வைக்கோல்போல மடங்கும். உறை உருகிப் பளபளத்தாலோ, உள்நூல் எட்டிப் பார்த்தாலோ கதை முடிந்தது. பேட்டரி ஆசிட் பட்ட நைலான் மட்டும் மேலுக்குப் புதுசாகவே இருக்கும். அதனால்தான் யாரோ கொடுத்த, பூர்வீகம் தெரியாத கயிற்றில் நான் ஏறுவதில்லை. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் துணிச் சாமானுக்குப் பத்து ஆண்டுதான் எல்லை என்று பெரிய தயாரிப்பாளர்களே எழுதிவைக்கிறார்கள்.

ஹார்னஸை அன்றிரவே விடுதியில் ஆறு துண்டாக வெட்டினேன். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

காரபினர் அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் உங்கள் ஹார்னஸின் லேபிளில் இருக்கும் ஆண்டைப் பார்த்து வையுங்கள்.