மலை இறக்கத்தில் பிரேக்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் கார்களில் சிலவற்றின் சக்கரத்துப் பக்கம் போனாலே கருகல் வாடை அடிக்கும். "பிரேக் நல்லாத்தானே பிடிச்சுது?" என்பார் ஓட்டி வந்தவர். பிடித்தது, சரி. இன்னும் பத்து வளைவு இருந்திருந்தால் பிடித்திருக்குமா? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

பிரேக் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனையையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால் பேட் காய்ந்து உராய்வு குறையும். பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி நிற்காது. சூடு உள்ளே ஏறி பிரேக் ஆயிலே கொதித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆயில் அமுங்காது என்பதால்தான் காலின் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேர்கிறது. ஆவிக்குமிழி அமுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோய், பெடல் மெத்தென்று தரையைத் தொடும்.

பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 140 டிகிரிதான். "டப்பாவுல ஆயில் நிறைய இருக்கே" என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். அளவு குறையாமலே ஆயில் கெட்டுப்போகும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

சரி, சூட்டைக் குறைக்க என்ன வழி? எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பார்கள் அனுபவப்பட்ட டிரைவர்கள். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். பேட் ஆறுவதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டருக்குத் தெம்பு. அணைத்த பிறகு சில மிதிகளிலேயே பெடல் இறுகிவிடும்.

இவ்வளவுக்கும் மீறி பெடல் உள்ளே போய்விட்டால்? சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பி வரலாம். கூடவே கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவது, ஆயிலை நம்பி இல்லை. பட்டனை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும். எதற்கும் நிற்கவில்லையென்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் உரசவிடுங்கள். தகரம் போனால் போகட்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவசரமாக மிதிக்கும்போது பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்தால் அது ஏபிஎஸ் வேலை செய்கிற அடையாளம். அப்போது விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, அழுத்திய காலை எடுக்கவும் கூடாது.

வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் அது கோணிப்போகலாம், விரிசலும் விடலாம். ஆறியபின் பெடல் பழையபடி கெட்டியானாலும், ஊர் போனதும் மெக்கானிக்கிடம் பேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.